மாமியாருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன்: ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதம் எப்பாட்டில் (மருத்துவக் கவனிப்புள்ள முதியோர் இல்லத்தில்) வைத்தால் செக்யூ (பிரெஞ்சு அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கட்டுமா?

மீனா_சென்ட்ஆந்த்ரே
14 அக்டோபர் 2024

வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்.

என் மாமியாருக்கு 79 வயது. காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரெயூனியன் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை, கார்த் விட்டால் (காப்பீட்டு அட்டை) எல்லாம் முறையாக இருக்கிறது. இந்த மாத ஆரம்பத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடக்கிறார், திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. இந்த நிலையில் நேற்று வார்டில் ஒருவர் வந்து, இந்த வாரக் கடைசிக்குள் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கே கொண்டுபோவது, யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் வீடு முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவோம். ஒரு எப்பாட்டில் தற்காலிகமாக ஒரு மாதம் வைக்கலாமா என்று போன் செய்து கேட்டேன், ஒரு நாளைக்கு 68 யூரோ என்றார்கள். முப்பது நாளைக்கு இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, அவருடைய பென்ஷனோ ஆயிரத்தை ஒட்டித்தான். நியூ ஜெர்சியில் இருக்கும் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் முதல் 20 நாள் இலவசம், அதைக் கேளுங்கள் என்று வாட்ஸாப்பில் எழுதுகிறார். கொழுந்தனார் ஒரு பக்கம், அம்மாவை முதியோர் இல்லத்தில் தள்ளப் போகிறீர்களா என்று கோபப்படுகிறார். அத்தையோ தீபாவளிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

செக்யூ இதற்குப் பணம் கட்டுமா கட்டாதா? சின்னதாக ஒரு மியூத்துவெல் (துணைக் காப்பீடு) இருக்கிறது, அது உதவுமா? சர்க்கரை வியாதிக்காக ஆ.எல்.டே. 100% (நீண்டகால நோய்க்கு முழுச் செலவையும் கட்டும் சலுகை) இருக்கிறது, அது இதற்குச் செல்லுமா?

காரைக்கால்காரன்
14 அக்டோபர் 2024

மீனாம்மா, முதலில் அந்த நியூ ஜெர்சிச் செய்தியை ஓரமாக வையுங்கள். அது அமெரிக்காவின் மெடிகேர் சட்டம். அங்கே மூன்று நாள் உள்நோயாளியாக இருந்த பிறகு நர்ஸிங் இல்லத்துக்குப் போனால் முதல் 20 நாள் முழுசாகக் கட்டுவார்கள், 21-லிருந்து 100-ம் நாள் வரை நோயாளி தினமும் ஒரு பங்கு தரவேண்டும், 2024-ல் அது 204 டாலர். அவர் அவருடைய ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் நம் செக்யூவில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

இங்கே விஷயம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியை விட்டு அவர் எந்த மாதிரி இடத்துக்குப் போகிறார் என்பதுதான் யார் பணம் கட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறது. நோய் அதே நோய், வயது அதே வயது, ஆனால் ஒரு வழியில் போனால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, இன்னொரு வழியில் போனால் இரண்டாயிரம் யூரோ.

முதல் வழி எஸ்.எம்.ஆர்., முன்பு எஸ்.எஸ்.ஆர். என்றார்களே அதுதான், ஆபரேஷனுக்குப் பிறகு நடைப்பயிற்சி கொடுத்துத் தேற்றுகிற இடம். இது ஆஸ்பத்திரிக் கணக்கில் வரும். செக்யூ 80% கட்டும், தொடர்ந்து முப்பது நாள் தாண்டினால் 31-ம் நாளிலிருந்து 100%. மீதி 20%-ஐயும் தினக் கட்டணத்தையும், அதாவது ஃபோர்ஃபே ஜூர்னலியே 20 யூரோவையும், மியூத்துவெல் பார்த்துக்கொள்ளவேண்டும். 2018-லிருந்து 2024-ல் இதை எழுதும்வரை அது 20 யூரோ, வீட்டுக்குப் போகிற நாளுக்கும் சேர்த்துப் போடுவார்கள். உங்கள் மியூத்துவெல் "கோன்த்ரா ரெஸ்போன்சாப்ல்" (அரசு விதிகளுக்கு உட்பட்ட ஒப்பந்தம்) வகை என்றால், பெரும்பாலானவை அந்த வகைதான், ஆஸ்பத்திரித் தினக் கட்டணத்தை இத்தனை நாள் என்று வரம்பு வைக்காமல் கட்டியே ஆகவேண்டும். மியூத்துவெல்லே இல்லாதவர்களுக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் எஸ்.எம்.ஆரில் ஒரு நாள் செலவே சில நூறு யூரோ, அதில் 20% என்பது அந்த 20 யூரோவைவிடப் பெரிய அடி. நல்ல வேளையாக இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றமாட்டார்கள், 20% பெரிதாக இருந்தால் தினக் கட்டணம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். இப்போது ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் அந்த 20%-க்குப் பதிலாக (2024-ல்) 24 யூரோ என்று ஒரே தொகை போட்டிருப்பார்கள், பெரிய ஆபரேஷன்களுக்கு அப்படித்தான்.

ஆ.எல்.டே. பற்றி: அது சர்க்கரைக்கான வைத்தியத்துக்கு. எலும்பு முறிவுக்குச் செல்லாது, தினக் கட்டணத்தை அது எந்த நிலையிலும் ரத்து செய்யாது. இந்தத் தீவில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை என்கிற மாதிரி இருப்பதால் நிறையப் பேர் "எங்களுக்கு நூறு சதவீதம்" என்று நம்பி மியூத்துவெல்லை நிறுத்திவிடுகிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது வழி எப்பாட்டில் தற்காலிகத் தங்கல். சில நாளிலிருந்து மூன்று மாதம் வரை இருக்கலாம். அங்கே நர்ஸ், மருத்துவக் கவனிப்புக்கான பங்கை செக்யூ நேராக அந்த இல்லத்துக்கே கட்டிவிடுகிறது, அது உங்கள் பில்லில் தெரியவே தெரியாது. ஆனால் அறை, சாப்பாடு, துணி துவைப்பது இதெல்லாம் குடும்பத்தின் தலையில். உங்களிடம் சொன்ன 68 யூரோ அதுதான். மியூத்துவெல் பொதுவாக இதைத் தொடாது. தெபார்த்மான் (மாவட்ட நிர்வாகம்) தருகிற ஆப்பா (பிறர் துணை தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகை) உதவும், ஆனால் அதற்கு மனு போட்டு முடிவு வர இரண்டு மாதம் வரை ஆகலாம். (அவசர ஆப்பா என்று ஒன்று உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.)

இப்போது கவனமாகப் படியுங்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போகிறவர்களுக்காகச் சில எப்பாட்டுகளில் எ.ஆர்.எஸ். (வட்டார அரசு சுகாதார அமைப்பு) பணம் கொடுத்து ஒதுக்கிவைத்திருக்கிற தற்காலிக இடங்கள், "எபெர்ஜ்மான் தாம்போரேர் ஆன் சொர்த்தி தோஸ்பித்தாலிசாசியோன்" என்று கேளுங்கள். அதிகபட்சம் 30 நாள். அறைச் செலவில் நீங்கள் கொடுப்பது ஆஸ்பத்திரித் தினக் கட்டணத்துக்குச் சமமான தொகை (2024-ல் 20 யூரோ) மட்டும், மீதியைச் செக்யூ பணத்திலிருந்து கட்டுகிறார்கள். எல்லா எப்பாட்டிலும் இது கிடையாது, இடங்களும் குறைவு, ஆனால் நீங்கள் சாதாரணமாகப் போன் செய்து "தற்காலிக அறை இருக்கிறதா" என்று கேட்டால் 68 யூரோ இடத்தைத்தான் சொல்வார்கள். ஒரு தடவை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டு அப்புறம் இதைக் கேட்க முடியாது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராகப் போகவேண்டும்.

ஆகவே நாளைக் காலையில் முதல் வேலையாக வார்டின் அசிஸ்தான்த் சோசியாலை (சமூக சேவகரை) பாருங்கள். வீட்டில் மாடிப்படி, பகலில் ஆள் இல்லை, வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதை எழுதித் தாருங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். எஸ்.எம்.ஆருக்கு மனு போயிருக்கிறதா, எத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது, அது கிடைக்காவிட்டால் 20 யூரோ எப்பாட் இடம் எங்கே என்று கேளுங்கள்.

கிருஷ்ணா974
14 அக்டோபர் 2024

அண்ணா எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் வீட்டு வழியையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பாவை நாங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம், லெ போரில். தினமும் காலையில் குளிப்பாட்ட, கட்டு மாற்ற சியாத் (வீட்டுக்கு வரும் நர்ஸ் சேவை) ஆட்கள் வருவார்கள், டாக்டர் சீட்டு இருந்தால் செக்யூ 100% கட்டுகிறது, ஒரு சல்லி கேட்கமாட்டார்கள். இன்னும் கடுமையான நிலை என்றால் ஆஷ்.ஆ.டே. (வீட்டிலேயே ஆஸ்பத்திரி வைத்தியம்) வழியாக ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வரும், அதில் தினக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் "கோன்ழே த ப்ரோஷ் எதான்" (சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்வதற்கான) விடுப்பு எடுக்கலாம், காஃப் (குடும்ப உதவி நிதி அலுவலகம்) 2024 கணக்கில் ஒரு நாளைக்கு 64.54 யூரோ தந்தது, 66 நாள் வரை. கணவருடைய அம்மாவுக்காக மருமகளும் எடுக்கலாம், ஆனால் அத்தையின் நிலை ஜிர் (பிறர் உதவி எவ்வளவு தேவை என்ற மதிப்பீடு) 1-லிருந்து 4-க்குள் இருக்கவேண்டும்.

மாடிப்படி என்பது உண்மையான பிரச்சினைதான், மறுக்கவில்லை. கீழ்வீட்டில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் ஒரு மாதம் அங்கே வைத்துப் பாருங்கள்.

லதா_தம்போன்
15 அக்டோபர் 2024

நான் தெற்கில் ஒரு எஸ்.எம்.ஆரில் எத்-சுவாஞ்ஞாந்தாக (உதவி நர்ஸாக) வேலை பார்க்கிறேன். கிருஷ்ணா தம்பி, உங்கள் அப்பாவுக்கு நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் இடுப்பு ஆபரேஷன் ஆன வயசானவர்களுக்கு அடுத்து வருகிற சில வாரம்தான் முக்கியம். தினமும் கினே (உடற்பயிற்சி வைத்தியர்) வந்து நடக்க வைத்தால் நடந்துவிடுவார்கள், வீட்டில் பயந்து கட்டிலிலேயே உட்கார வைத்தால் அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. எஸ்.எம்.ஆர். கிடைக்குமானால் அதை விடாதீர்கள் மீனா. கொழுந்தனாரிடம் சொல்லுங்கள், அது முதியோர் இல்லம் இல்லை, ஆஸ்பத்திரியின் தொடர்ச்சி, அம்மா திரும்பி வீட்டுக்கு வருவதற்காகத்தான் அங்கே போகிறார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பாட்டிமார்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். டாக்டர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், தலையைச் சீவி, பொட்டு வைத்து, நல்ல சேலையைக் கேட்டு வாங்கித் தோளில் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் "சா வா, சா வா" (பரவாயில்லை). தனியாகக் குளிக்க முடியுமா? "வுய் வுய்" (ஆமாம்). இரவில் எழுந்து போக முடியுமா? அதற்கும் "வுய்". டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். முன்தின ராத்திரி பெட்பான் வைக்க இரண்டு பேர் தூக்கினோம் என்பது அந்தக் காகிதத்தில் வராது. ஜிர் என்கிற மதிப்பீடு இப்படித்தான் 5 என்று விழுகிறது. ஆப்பாவுக்கு 1-லிருந்து 4 வேண்டும், 5-ம் 6-ம் கிடைக்காது. மதிப்பீடு என்றைக்கு என்று கேட்டு நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ பக்கத்தில் இருங்கள். அத்தையை மறுத்துப் பேசவேண்டாம், அவருக்கு மானமாக இருக்கும். வெளியில் வந்து டாக்டரிடம் தனியாக, இதை இதைச் செய்ய ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒருவேளை நிஜமாகவே நன்றாகத் தேறி ஜிர் 5, 6 என்று வந்தால் அதற்கும் ஒரு உதவி உண்டு. பென்ஷன் சே.ஜே.எஸ்.எஸ்.ஸிலிருந்து (இந்தத் தீவின் செக்யூ, பென்ஷன் அலுவலகம்) வருகிறதானால் "எத் ஓ ரெத்தூர் ஆ தொமிசில்" (வீடு திரும்புகிறவர்களுக்கான உதவி) கேட்கலாம், மூன்று மாதம் வரை, 1,800 யூரோ வரம்புக்குள், வீட்டு வேலைக்கு ஆள், சாப்பாடு கொண்டுவந்து தருவது இப்படி. இதையும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அசிஸ்தான்த் சோசியால்தான் போடவேண்டும்.

தீபாவளி பற்றி: எஸ்.எம்.ஆரில் இருந்தால் டாக்டர் அனுமதித்தால் "பெர்மிசியோன்" உண்டு, 48 மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வரலாம். இந்த வருஷம் தீபாவளி மாதக் கடைசியில் வருகிறது, போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள். மாடிக்குத் தூக்கிப் போக முடியாதென்றால் அன்றைக்குக் கொழுந்தனார் வீட்டில் எல்லாரும் கூடுங்கள்.

வெள்ளிக்கிழமை சைவம், மாட்டிறைச்சி கூடாது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இங்கே அது யாருக்கும் புதுசு இல்லை. கினே சொல்கிற பிரெஞ்சு அத்தைக்குப் புரியாவிட்டால் "காலைக் குறுக்கே போடாதே", "குனியாதே", "முதலில் வாக்கர், அப்புறம் வலிக்கிற கால், அப்புறம் நல்ல கால்" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பயிற்சியில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

மீனா_சென்ட்ஆந்த்ரே
17 அக்டோபர் 2024

அண்ணா, லதா அக்கா, கிருஷ்ணா, மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அசிஸ்தான்த் சோசியாலைப் பார்த்தேன். நல்ல அம்மா. அவருக்கு எங்கள் வீடு மாடி என்பதே யாரும் சொல்லவில்லை, காகிதத்தில் "குடும்பத்துடன் வசிக்கிறார்" என்று மட்டும் இருந்ததால் நேராக வீட்டுக்குத்தான் என்று நினைத்திருந்தாராம். எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே இரண்டு எஸ்.எம்.ஆருக்கு மனு அனுப்பினார். அந்த 20 யூரோ இடத்தைப் பற்றி நானாகக் கேட்ட பிறகுதான், கிழக்குப் பக்கம் ஒரு இல்லத்தில் அடுத்த வாரம் ஒன்று காலியாகிறது, எஸ்.எம்.ஆர். வராவிட்டால் அங்கே போடலாம் என்றார். அதுவரை அத்தை வார்டிலேயே இருக்கலாம். மியூத்துவெல்லுக்கும் போன் செய்தேன், தினக் கட்டணமும் 20%-ம் கட்டுவார்கள், தனி அறைக்கு மட்டும் கிடையாதாம்.

இன்னும் இரண்டு கேள்வி. சேர்க்கைப் படிவத்தோடு தனி அறை வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடவேண்டுமா? இன்னொன்று, கொழுந்தனார் இப்போது இல்லத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அரசாங்கப் பணம் வாங்கினால் அம்மா போன பிறகு மாமா கட்டின வீட்டை எடுத்துக்கொள்வார்கள், என் சிநேகிதன் வீட்டில் அப்படித்தான் நடந்தது என்கிறார். அத்தை காதில் அது விழுந்து, எனக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கே வருகிறேன் என்று அழுகிறார்.

லதா_தம்போன்
17 அக்டோபர் 2024

தனி அறைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்டால்தான் அந்தக் கட்டணம். இரண்டு பேர் அறையில் போட்டால் நம் ஆட்களுக்குப் பேச்சுத் துணையும் ஆச்சு. தொற்று மாதிரி ஏதாவது காரணத்துக்காக டாக்டரே தனி அறையில் வைத்தால் அதற்கு உங்களிடம் பணம் கேட்கக்கூடாது.

காரைக்கால்காரன்
17 அக்டோபர் 2024

அத்தையிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் மீனாம்மா, வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. வயசான மனுஷியை இந்தப் பயத்தோடு ஒரு ராத்திரிகூடத் தூங்க விடக்கூடாது.

கொழுந்தனார் கேள்விப்பட்டதும் பொய் இல்லை, ஆனால் அது வேறு உதவி. செக்யூ கட்டுகிற ஆஸ்பத்திரிச் செலவு, எஸ்.எம்.ஆர்., அந்த முப்பது நாள் எப்பாட் இடம், இவையெல்லாம் காப்பீடு. இத்தனை வருஷம் சம்பளத்தில் பிடித்த பணம், யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆப்பாவையும் சொத்திலிருந்து திரும்ப வாங்குவதில்லை. சொத்திலிருந்து திரும்ப எடுப்பது "எத் சோசியால் ஆ லெபெர்ஜ்மான்". எப்பாட்டில் நிரந்தரமாகத் தங்கி, அறைப் பணம் கட்ட வழியில்லாதவர்களுக்குத் தெபார்த்மான் கட்டிவிட்டு, அவர் காலத்துக்குப் பிறகு விட்டுப்போன சொத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதற்கு மனு போடும்போது பிள்ளைகளின் வருமானத்தையும் கேட்பார்கள். அவருடைய சிநேகிதன் வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்கவேண்டும். இப்போது உங்களுக்கு அந்த மனுவே தேவையில்லை.

நிலம், வீடு என்றால் நம் குடும்பங்களில் எல்லாரும் உடனே பயந்துவிடுகிறோம். அந்தப் பயத்தில் ஆப்பாவைக்கூடக் கேட்காமல் மருமகள்களும் மகள்களும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடுகளை சென்-பெனுவா பக்கமெல்லாம் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

இன்னொரு விஷயம். பென்ஷன் ஆயிரத்தை ஒட்டி என்றால் மியூத்துவெல்லுக்குப் பதிலாக சே-தோ-எஸ் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுத் துணைக் காப்பீடு) கிடைக்கலாம். இங்கே வருமான வரம்பு மெத்ரோபோலை (ஐரோப்பாவிலுள்ள பிரான்ஸை) விட 11.3% அதிகம், 70 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 30 யூரோதான் அதிகபட்சம், தினக் கட்டணம், 20% எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இப்போதைய மியூத்துவெல்லை இந்தத் தங்கல் முடியும்வரை நிறுத்தவேண்டாம், சே.ஜே.எஸ்.எஸ். கடிதம் கைக்கு வந்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் நம்பாவிட்டால், உங்களுக்கு வருகிற ஒவ்வொரு படிவத்தின் மேலேயும் எந்த உதவி என்று எழுதியிருக்கும், அதை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "எத் சோசியால் ஆ லெபெர்ஜ்மான்" என்று இருந்தால் மட்டும் நோத்தேரை (சொத்துப் பத்திரம் பார்க்கும் சட்ட அதிகாரியை) பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். எஸ்.எம்.ஆர்., அந்த முப்பது நாள் எப்பாட் இடம், ஆப்பா இவற்றின் படிவங்களில் அத்தை தாராளமாகக் கையெழுத்துப் போடலாம், லதா சொன்ன தனி அறைத் தாளில் மட்டும் வேண்டாம்.